ஐந்தாம் வகுப்பில் இரண்டாவது வருடம்

போன மாதம் உப்பிலியபுரத்தில் அத்தை வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தோமே, பந்தியில் உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த மீசைக்கார மாமா ஞாபகம் இருக்கிறதா? வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு உங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்: "உங்கப்பாவ சாதாரண ஆளுன்னு நினைச்சுடாதீங்க. நாமெல்லாம் அஞ்சாங்கிளாஸ ஒரு வருசத்துல ஓட்டிட்டு வந்துட்டோம். அவரு ரெண்டு வருசம் உக்காந்து ஆராய்ச்சி பண்ணாரு."

பந்தியே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். நானும் சிரித்து வைத்தேன். அத்தை மட்டும் ஊன்றுகோலால் தரையில் ஒரு தட்டுத் தட்டி, "இலையைப் பாருங்க, ரசம் ஓடுது" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சின்னவன் கேட்டான், "நெசமாவே ஃபெயிலாப்பா?" என்று. ஆமாடா என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். வாரம் முழுக்க முசிறி ரூட்டில் நின்றுகொண்டே டிக்கெட் கிழிப்பவனுக்கு, ஒரு நாள் லீவு போட்டு இன்னொரு பஸ்ஸில் உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். அப்போது சொல்லியிருந்தாலும் பாதியில் தூங்கியிருப்பேன். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் உங்கள் அம்மாவிடம் கேட்டுச் சரிபண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் நடந்ததில் மாற்றம் இல்லை.

அப்போது எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், கோயிலின் வெளிமதிலுக்கு அப்பால், கொள்ளிடக்கரைப் பக்கம் இருந்தது. ஓட்டு வீடு, ஒரே அறை. என் அப்பாவுக்கு வாழைத்தார் ஏற்றி இறக்கும் வேலை. முசிறிப் பக்கத்துத் தோப்புகளுக்கு லாரியில் போவார். எப்போது போவார், எப்போது வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது. என் அம்மா ஒரு மெஸ்ஸில் மாவு அரைத்தாள். நாங்கள் கண் விழிப்பதற்கு முன்பே போயிருப்பாள். வீட்டில் மிச்சம் நானும் உங்கள் அத்தையும்தான்.

அத்தைக்குக் குழந்தையிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. இன்னொரு காலும் பாதி பலம்தான். எதையாவது பிடித்துக்கொண்டால் நிற்பாள், நகர்வாள். பிடிக்க ஒன்றும் இல்லையென்றால் உட்கார்ந்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் இரும்புக் கம்பி பூட்டிய ஷூ ஒன்று கொடுத்தார்கள். அது முதலில் கடித்துப் புண்ணாக்கியது. புண் ஆறியபோது கால் வளர்ந்திருந்தது, ஷூ வளரவில்லை.

மேலவாசல் தாண்டி ஒரு தொடக்கப் பள்ளி. நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே கூடத்தில் நடக்கும். நாலாம் வகுப்பு ஒரு பக்கத்துச் சுவரைப் பார்த்து உட்காரும், ஐந்தாம் வகுப்பு எதிர்ப்பக்கத்துச் சுவரைப் பார்த்து. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆள், எல்லோரும் பெரிய டீச்சர் என்று கூப்பிடுகிற தலைமை ஆசிரியை. எங்களுக்கு ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, திரும்பி நின்று அவர்களுக்குப் பாடம் நடத்துவார். அதனால் நாலாம் வகுப்பில் இருந்துகொண்டே ஐந்தாம் வகுப்புப் பாடம் முழுவதும் முதுகு வழியாகக் காதில் ஏறிவிடும். அந்த மாமா சொன்னதில் ஒரு திருத்தம் உண்டு. ஐந்தாம் வகுப்பை நான் கேட்டது மூன்று வருடம்.

நாலாம் வகுப்பு வரை நான் தனியாள். புத்தகப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடுவேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, அதுதான் நல்ல வருடம்.

நான் ஐந்தாம் வகுப்புக்குப் போனபோது அத்தையை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். "நீதான் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வரணும்" என்றாள் அம்மா. கூட்டிப் போவது என்றால் தூக்கிப் போவது. தென்னந்தோப்பு வழியாகக் குறுக்கே போனால் சீக்கிரம் போய்விடலாம். முதலில் இடுப்பில் வைத்துக்கொண்டேன். பிறகு இடுப்பு ஒரு பக்கம் இழுக்க ஆரம்பித்ததும் முதுகுக்கு மாற்றினேன். என் பை, அவள் பை, அவள் சிலேட்டு, எல்லாம் கழுத்தில் தொங்கும். அவளுக்கு வாய் ஓயாது. "அண்ணா, குலுக்காத." "அண்ணா, அந்த ஓணானைப் பாரு." "அண்ணா, உன் கழுத்து நாறுது."

அதற்கு முன்னால் காலையில் இன்னொரு வேலையும் இருந்தது. ஆற்று மணலில் குழி தோண்டி, பிள்ளையை இடுப்பு வரை நிற்க வைத்து, மணலைத் தள்ளி மூடினால் காலுக்குப் பலம் வரும் என்று மெஸ்ஸில் யாரோ அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். அந்தக் காலத்தில் வாதம் வந்த பிள்ளைகளுக்கு நிறைய வீடுகளில் அப்படிச் செய்தார்கள். கொள்ளிடத்தில் மணலுக்கா பஞ்சம்? விடிந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கி, கையால் குழி தோண்டுவேன். அவள் குழிக்குள் நின்றுகொண்டு ஒரு குச்சியால் மணலில் அ, ஆ எழுதுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தூங்குவேன். நேரம் ஆனதும் அவள் என் தலையில் ஒரு பிடி மணலைப் போடுவாள், அதுதான் எங்களுக்கு மணி. அதனால் பலம் வந்ததா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அப்படியே அந்த வருடம் ஓடியது. பள்ளிக்குப் போய்ச் சேரும்போதே எனக்கு அன்றைய நாள் முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். பையன்கள் மணி அடிக்கும் வரை ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். நான் சுவரில் சாய்ந்து கால் நீட்டிக்கொள்வேன். பத்து வயதில் அப்படி ஓர் அலுப்பு. இப்போது கடைசி டிரிப் முடித்து வந்து நான் சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறீர்களே, அதேதான். அது எனக்குப் புதிது இல்லை.

மாசி மாதம் வந்ததும் வகுப்பில் எல்லோரும் ஆறாம் வகுப்பைப் பற்றியே பேசினார்கள். பெரிய பள்ளிக்கூடம் எதிர்த்திசையில், கிழக்கே இருந்தது. அங்கே மணியும் முன்னாடியே அடித்துவிடும். அத்தையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் அங்கே போய்ச் சேர முடியாது. இதை முதலில் கவனித்தது அப்பாதான். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"அடுத்த வருசம் பாப்பாவ நிறுத்திட வேண்டியதுதான். பேரு எழுதக் கத்துக்கிச்சுல்ல, போதும்."

அம்மா தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். "நிறுத்தி?"

"வீட்டுல இருக்கட்டும்."

"வீட்டுல வெச்சு என்ன பண்றது, ஊறுகாயா போடறது? இப்ப நிறுத்தினா அவ்வளவுதாங்க. திரும்ப யாரும் கொண்டுபோய் விடப் போறதில்ல. மூலையில உக்காந்தே கிழவியாயிடுவா."

"அப்ப யாரு தூக்கிட்டுப் போறது? நானா, நீயா?"

 அம்மா என்னைப் பார்த்தாள். அப்போதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து மெஸ்ஸிலிருந்து நேரே, கையில் மாவு காய்ந்தபடியே பள்ளிக்கு வந்தாள். பெரிய டீச்சர் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். கூடமே கேட்டுக்கொண்டிருந்தது.

"டீச்சர், ஒரு உதவி பண்ணணும். எம் பையனை இந்த வருசம் ஃபெயிலாக்கிடுங்க."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா சொல்றீங்க? பாஸ் போடுங்கன்னு கெஞ்சி வர்றவங்களைத்தான் பாத்திருக்கேன். அவன் நல்லா படிக்கிறவன்மா."

"நல்லாப் படிக்கிறவன்தான். அதான் ஒரு வருசம் கழிச்சுப் படிச்சாலும் படிச்சுக்குவான். அந்தப் புள்ளைக்கு இப்ப விட்டா கிடையாதுங்க. இவன் இங்க இருந்தா அதுவும் இங்க வரும்."

"ஒரு வருசத்துல மட்டும் அவளுக்கு என்ன மாறிடப் போகுது?"

"அது தெரியாதுங்க. ஒரு வருசம் கையில இருந்தா ஏதாவது யோசிக்கலாம்."

டீச்சர் கையிலிருந்த கண்ணாடியை மேசையில் வைத்தார். பிறகு, "பாஸாகிற பையனுக்கு நான் ஃபெயில் போட முடியாது. அது தப்பு" என்றார். அம்மா அசையவில்லை. டீச்சர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, மேசையைப் பார்த்தபடியே, "பரீட்சைக்கே வராத பையனுக்கு யாராலயும் பாஸ் போட முடியாது. அதுவும் ஒரு வருசம்தான். அடுத்த வருசம் இந்தப் பேச்சோட வரக் கூடாது" என்றார்.

அம்மா கும்பிட்டுவிட்டுப் போனாள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை. அந்த வயதில் எங்கள் வீட்டில் பிள்ளைகளைக் கேட்டு எதுவும் நடக்காது. இன்றைக்கு உங்களைக் கேட்காமல் ஒரு சட்டை எடுக்க முடிகிறதா?

முழுப் பரீட்சை வந்தது. ஒன்றாம் வகுப்புக்குப் பெரிதாகப் பரீட்சை இல்லை, டீச்சர் சொல்லச் சொல்ல சிலேட்டில் எழுதினால் போதும். ஆனாலும் பிள்ளைகள் வர வேண்டும். நான் எப்போதும்போல அத்தையைத் தூக்கிக்கொண்டு போய் அவள் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, வெளியே வந்து புங்க மரத்தடியில் உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போய் மறுபடி வருவதற்கு உடம்பில் தெம்பு இல்லை. ஐந்தாம் வகுப்பு ஜன்னல் எனக்கு நேர் எதிரே. என் வகுப்புப் பையன்களின் தலைகள் குனிந்திருந்தன. பேனா உதறுவது கூடத் தெரிந்தது. அந்த நேரம் போகவே போகாது. மரத்திலிருந்து விழுந்த புங்கங்காய்களைப் பொறுக்கிப் பொறுக்கி வரிசையாக வைப்பேன், கலைப்பேன்.

கணக்குப் பரீட்சை அன்று என் சிநேகிதன் வெளியே ஓடி வந்தான். மூன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தவன். "டேய், தண்ணித் தொட்டிக் கணக்கு வந்துச்சுடா! உனக்கு எவ்ளோ வந்துச்சு?" என்று கேட்டவன், சட்டென்று நிறுத்தி, "ஓ, நீ எழுதலல்ல" என்றான். பிறகு அவனே, "கஷ்டமா இருந்துச்சுடா, நீ எழுதாததே நல்லது" என்றான். ஆறுதல் சொல்கிறானாம்.

அன்று திரும்பும்போது தோப்பு நடுவில் முதுகிலிருந்து அத்தை கேட்டாள்.

"நீ ஏன் மரத்தடியில உக்காந்திருக்க? பரீட்சை எழுதலயா?"

"அடுத்த வருசம் எழுதுவேன்."

"ஏன்?"

"நான் ஆறாவது போயிட்டா உன்ன யாரு தூக்கிட்டு வருவா?"

 அத்தை என் தலைமயிரை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். "நான் கேட்டேனா? நில்லுன்னு நான் உன்னைக் கேட்டேனா? எறக்கி விடு என்னை." இறக்கி விட்டேன். தோப்பில் பிடிக்க ஒன்றும் இல்லை. தென்னை மரங்கள் எட்ட எட்ட நின்றன. அப்படியே மண்ணில் உட்கார்ந்துகொண்டு அழுதாள். நானும் எதிரே உட்கார்ந்தேன். சமாதானம் சொல்லத் தோன்றவில்லை, களைப்பாக இருந்தது. அழுது முடித்ததும் அவளே கையைத் தூக்கினாள், தூக்கிக்கொண்டேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த நாலாம் வகுப்பு இப்போது எழுந்து என் பக்கம் வந்தது. முதல் நாளே ஒருவன் பெஞ்சைத் துடைத்துக் காட்டினான். "அண்ணே வாங்கண்ணே. உங்க பழைய சீட்டை அப்படியே வெச்சிருக்கோம்." இன்னொருவன், "டேய், அண்ணன்கிட்ட கேளு, இந்த வருசம் எந்தெந்தக் கணக்கு வரும்னு அவருக்குத் தெரியும்" என்றான். நான் சண்டை போடவில்லை. நல்ல மனதால் இல்லை, சண்டை போட எழுந்திருக்க வேண்டுமே.

பாடம் எனக்கு எல்லாம் தெரிந்ததுதான். டீச்சர் என்னை நாலாம் வகுப்புக்குச் சொல்வதெழுதுதல் போட அனுப்புவார். மற்ற நேரத்தில் கண் சொக்கும். ஒரு நாள் பக்கத்துப் பையன் கிள்ளி எழுப்பப் பார்த்தபோது, "எழுப்பாதடா, அவனுக்குத்தான் பாடம் தெரியுமே" என்றார். ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அனுமதியோடு தூங்கிய மாணவன் உங்கள் அப்பாவாகத்தான் இருப்பான்.

ஆடி பிறந்ததும் முக்கொம்பு அணையில் தண்ணீரைத் திருப்பி விட்டார்கள் என்று ஊரே பார்க்கப் போனது. கொள்ளிடம் கரை தொட்டு ஓடியது. நாங்கள் குழி தோண்டிய மணல் எல்லாம் செந்தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. "எனக்கு லீவு!" என்று கை தட்டினாள் அத்தை. எனக்கும் லீவுதான். ஆனால் அம்மா கரையில் நின்று அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது யோசிக்கலாம் என்று டீச்சரிடம் கேட்டு வாங்கிய வருடம் அது. ஜூன் போய், ஜூலை போய், யாரும் எதையும் யோசித்தபாடில்லை. அப்பா எதுவும் சொல்லமாட்டார். ஆனால் அவர் சும்மா இருப்பதே, 'பங்குனியோடு பாப்பா வீட்டில்தான்' என்று சொல்கிற மாதிரி இருக்கும்.

இப்படியே மார்கழி வந்தது. வைகுண்ட ஏகாதசி என்றால் ஸ்ரீரங்கத்தில் கால் வைக்க இடம் இருக்காது என்று உங்களுக்குத் தெரியும். சொர்க்கவாசல் திறந்த பிறகும் பத்து நாள் கூட்டம் குறையாது. மெஸ்ஸில் வேலை இரண்டு பங்கு. அம்மா என்னையும் விடியற்காலையில் கூட்டிப்போவாள். ஊறிய அரிசியைத் தூக்கிக் கொடுப்பேன், அரைத்த மாவை வழித்துப் போடுவேன். முடித்துவிட்டு நான் மட்டும் வீட்டுக்கு வந்து அத்தையைக் கிளப்ப வேண்டும்.

ஒரு நாள் அப்படி வந்து, அவளுக்குத் தலை பின்னி விட்டுவிட்டு, கொஞ்சம் சுவரில் சாய்ந்தேன். கண் விழித்தபோது வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. வீட்டில் அத்தை இல்லை. அவள் பையும் இல்லை. என் பை மட்டும் ஆணியில் தொங்கியது.

தோப்பு வழியே ஓடினேன். எங்காவது மண்ணில் உட்கார்ந்திருப்பாள் என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே ஓடினேன். இல்லை. பள்ளிக்குப் போனேன். பாடம் நடந்துகொண்டிருந்தது. அவள் இடம் காலியாக இருந்தது.  வெளியே வந்தால் எங்கு பார்த்தாலும் கூட்டம். பஸ் பஸ்ஸாக இறங்கிய வெளியூர் ஜனங்கள், மூட்டை, முடிச்சு, பொம்மைக் கடை, பொரி கடை. மேலவாசல் கோபுரத்துப் பக்கம் ஓடினேன்.

அங்கே, கோபுர வாசல் கூட்டத்தின் நடுவே, மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய ஒரு பெரியவர் மெதுவாக, மிக மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துத் தொங்கியபடி உங்கள் அத்தை.

"மெதுவா போங்க மாமா. அந்தச் சைக்கிள் போகட்டும். ம், இப்ப போங்க."

என்னைப் பார்த்ததும் பெரியவர் சிரித்தார். "உன் தங்கச்சியா தம்பி? சாமி பாக்க வந்தவனைப் பிடிச்சு, அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுங்கன்னு அதட்டுதுப்பா."

நான் அவளை அடிக்கக் கை ஓங்கினேன். "எங்கடி போன? தோப்பெல்லாம் தேடினேன்."

"தோப்புல எதுக்குத் தேடற? அங்க பிடிக்க என்ன இருக்கு?" என்றாள். "நான் மதிலோரமா வந்தேன்."

கையைக் காட்டினாள். உள்ளங்கை கல்லில் உரசிச் சிவந்து, மண் அப்பியிருந்தது. அப்போதுதான் விளங்கியது. எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே வந்தால் கோயிலின் மதில். அதைத் தொட்டுவிட்டால் மேலவாசல் வரைக்கும் நீளமாக அதுவே கூட வரும். நடுவில் மதிலை ஒட்டிக் கடை வந்தால் கடைக் கதவு, வீடு வந்தால் வீட்டுச் சுவர். சுற்று வழிதான், தோப்பு வழியைவிட ரொம்பத் தூரம். அவசரத்தில் இருப்பவன் யாரும் அந்தப் பக்கம் போகமாட்டான். நான் தூக்குகிறவன். எனக்கு எது கிட்டமோ அதுதான் வழி. பிடித்துக்கொண்டு நடக்க எது தோது என்று ஒன்றரை வருடமாக எனக்குத் தோன்றவே இல்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை. அவளை முதுகில் வைத்தே யோசித்துப் பழகிவிட்டோம்.

மதில் முடிந்து கோபுர வாசல் வரும் இடத்தில் மட்டும் பிடிக்க ஒன்றும் கிடையாது. அதற்கு அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. அன்று ராத்திரி அம்மாவிடம் விளக்கினாள். "வேகமா நடக்கிறவங்களைக் கேக்கக் கூடாது. ரெண்டு கையிலயும் பை வெச்சிருக்கிறவங்களைக் கேக்கக் கூடாது. பொரி தின்னுட்டு சும்மா நிக்கிறாங்கல்ல, அவங்களைக் கேக்கணும்."

அப்பா அன்று வீட்டில் இருந்தார். "கூட்டம் இருக்கிறப்ப சரி. நாளைக்கு விழுந்து மண்டை உடைஞ்சா?" என்றார்.

"இவன் தூக்கிட்டுப் போய் ரெண்டு தடவை என்னைப் போட்டிருக்கான். அப்ப உடைஞ்சுதா?" என்றாள். அது உண்மைதான்.

மறுநாள் அம்மா மெஸ்ஸுக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் தள்ளி அவள் பின்னாலேயே போனாள். நான் அம்மாவுக்குப் பின்னால். பாதி தூரத்தில் அத்தை மதிலில் சாய்ந்து நின்று திரும்பாமலேயே சொன்னாள்: "முந்தானையைப் போட்டுக்கிட்டா தெரியாதாம்மா? வேலைக்குப் போ."

அதன் பிறகு காலையில் மதில், சாயங்காலம் என் முதுகு என்று ஆனது. காலையில் நான் அவள் பையை வாங்கிக்கொண்டு அவள் பின்னால் வருவேன், தொடமாட்டேன். திருவிழாக் கூட்டம் கலைந்த பிறகும் கோபுர வாசலைத் தாண்ட, சும்மா நிற்கிற யாராவது ஒருவர் அவளுக்குக் கிடைத்தார். சீக்கிரமே கிளம்ப வேண்டியிருந்தது. அதனால் ஆற்றில் தண்ணீர் வடிந்த பிறகும் மணல் குழி மறுபடி தொடங்கவில்லை. ஒரு முறை விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். ஒரு மழை நாளில் மதில் வழுக்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மா ஒவ்வொரு நாளும் மெஸ்ஸிலிருந்து வந்ததும் முதலில் அவள் முட்டியைத்தான் பார்ப்பாள். பங்குனி வருவதற்குள் அவள் விழாமல் வந்து சேர வேண்டும். இல்லையென்றால் அவள் படிப்பு முடிந்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

முழுப் பரீட்சைக்கு முதல் நாள் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "நாளைக்கு எங்க உக்காரப் போற? உள்ளயா, மரத்தடியிலயா?"

"உள்ள, டீச்சர்."

"அப்ப பாப்பா?"

"மதிலோரமா வந்துடும் டீச்சர்."

அவர் தலையை ஆட்டினார். பரீட்சை எனக்குச் சுலபமாக இருந்தது. இருக்காதா பின்னே?

ஜூனில் நான் பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு சேர்ந்தேன். முதல் நாள் கிழக்கே நடந்தபோது முதுகில் ஒன்றும் இல்லை. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் உடம்பு பழக்கத்தில் முன்னால் குனிந்தே நடந்தது. வழியெல்லாம் மனசு எதிர்ப்பக்கமே இருந்தது. புதுப் பள்ளியில் அன்று சீக்கிரம் விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தேன். அம்மாவும் வந்திருந்தாள். நான் பையை வைத்துவிட்டு வாசலில் இறங்கினேன்.

"எங்க போற?"

"பாப்பாவைக் கூட்டிட்டு வர."

"உக்காரு" என்றாள். "இன்னிக்கு நீ போனா நாளைக்கும் போகணும்."

உட்கார்ந்தேன். அம்மா அரிசி பொறுக்கினாள். பொறுக்கியதையே மறுபடி பொறுக்கினாள். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் எல்லாம் பையோடு வந்துவிட்டார்கள். அத்தை வரவில்லை. அம்மா ஒரு தடவை எழுந்து வாசல் வரை போய்விட்டு வந்து உட்கார்ந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, அவளும் என்னைப் பார்க்கவில்லை. அப்பா வந்து இதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கடைசியில் எதிர்வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு முகமெல்லாம் வேர்வையாக வந்து சேர்ந்தாள். வாசலிலேயே பையைப் போட்டாள்.

"மதில் என்னா சூடு தெரியுமா? தோசைக்கல்லு மாதிரி."

அம்மா ஓடிப் போய்க் கையை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை செக்கச் செவேலென்று கொப்புளம் வைக்கிற மாதிரி இருந்தது. காலையில் அந்த மதில் நிழலில் சில்லென்று இருக்கும். மத்தியானத்துக்கு மேல் முழு வெயிலும் அதன் மேல்தான். இத்தனை மாதமாகச் சாயங்காலம் நான் தூக்கிக்கொண்டு தோப்பு வழியே வந்ததில், இது ஒருவருக்கும் தெரியவில்லை.

"அய்யோ, இதை யோசிக்கவே இல்லையேடி" என்றாள் அம்மா.

"யாருமே யோசிக்கல. எல்லாரும் காலையிலயே பின்னாடி வந்து பாத்தீங்க."

"அப்புறம் எப்படித்தான் வந்த?"

"பாவாடையை இழுத்துக் கையில சுத்திக்கிட்டேன். சுட்டா கொஞ்ச நேரம் கடை நிழல்ல நின்னேன். சோடாக் கடைக்காரரு கையில தண்ணி ஊத்துனாரு."

அம்மா பழைய புடவை ஒன்றை எடுத்துப் பட்டையாகக் கிழித்தாள். குடத்துத் தண்ணீரில் நனைத்து அவள் கையில் சுற்றப் போனாள். அத்தை கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு எதுக்கு? சுட்டது சுட்டாச்சு. பையில போடு. நாளைக்குக் கிளம்பறப்ப ஸ்கூல் குழாய்லயே நனைச்சுக்கறேன்."

அம்மா அந்தத் துணியைப் பிழிந்து, உதறி, மடித்துப் பைக்குள் வைத்தாள். ரொம்ப நேரம் அந்தப் பையையே சரிசெய்துகொண்டிருந்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "நாளைக்கு ஒரு நாள் மட்டும் நான் சாயங்காலம் வரட்டுமா?" என்றேன்.

அத்தை தண்ணீர்ச் சொம்பை வாயிலிருந்து எடுத்தாள். "உனக்குத்தான் வேற ஸ்கூல் இருக்குல்ல? போய் வீட்டுப்பாடம் எழுது."